சுத்தியல் இருக்கப் பயமேன்

சைக்கிளின் ஹேண்டில் கப்பை வீட்டுத் திண்ணையிலேயே மாற்றிக்கொள்ளும் யாங்கோனின் இன்சீன்வாசிகளைப் பாராட்டியே ஆகவேண்டும். ரயில் எஞ்சின்களையே பழுதுபார்க்கும் பட்டறை உள்ள ஊர். ஒரு சைக்கிளுக்காகக் கடைக்காரரைத் தொந்தரவு செய்வதா? யாங்கோன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஆகவே சைக்கிளே கதி, கைவைத்தியமே நீதி.

கப்பை அழுத்தி இறக்கத் தனி பிரஸ் உண்டாம். ஆடம்பரம்! நீளமான மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டு, நாலு பெரிய வாஷர் போதும். மெல்ல இறுக்கினால் கப் நேராக உட்காரும். பொறுமை இல்லாதவருக்கு மரக்கட்டையும் சுத்தியலும். கோணலாக இறங்கினால் மறுபக்கம் ஓர் அடி. அங்கும் கோணினால் இந்தப் பக்கம் இன்னோர் அடி. சமநீதி! கிரீஸில் பதித்ததுபோக மூன்று பால்ரஸ் மிஞ்சும். கம்பெனிக்காரனின் ஊதாரித்தனம் அது.

வேலை முடிந்ததும் ஹேண்டில் வலப்பக்கம் மட்டுமே திரும்பும். பதறாதீர்கள். 1970இல் அரசாணைப்படி மியான்மர் நாடே இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் ஓட்டத் தொடங்கியது. ஆனால் பழைய ஜப்பான் கார்களின் ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் மாறாமல் வலப்பக்கத்திலேயே இருந்தது. அந்த ஆணையைக் கடைசித் திருகுவரை நிறைவேற்றிய வாகனம் இந்தச் சைக்கிள் ஒன்றுதான்.