பையும் பிங்கா ஓயாவும்

அக்குறணையில் லெப்டொப் பை வாங்கப் போகிற வியாபாரி முதலில் பார்ப்பது தோலா, ரெக்சினா என்பதைத்தான். தோல் பையை மொதலாளிக்கும் பிடிக்கும். மலைநாட்டு மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்கும் பிடிக்கும். நைலோன் பையில் பாரம் குறைவு. ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடன் கேட்கப் போனால், வங்கி மெனேஜர் டியூஷன் மாஸ்டர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்.

அடுத்தது அளவு. 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவாக்கு அளவு, பையின் அகலமல்ல. இதைச் சொன்னால், "எல்லாம் போகும் நானா" என்று விற்பவர் திணித்துக் காட்டுகிறார். ஸிப் மட்டும் சம்மதிப்பதில்லை.

'வோட்டர்ப்ரூஃப்' என்று ஒரு சீட்டும் தொங்கும். சாரலைத் தாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குறணை, பிங்கா ஓயா ஆறு பெருக்கெடுத்தால் ஏ9 வீதியைத் தாண்டிக் கடைக்குள்ளேயே வந்துவிடும் ஊர். வானம் இருட்டினால் பழைய மொதலாளிமார் எந்தச் சீட்டையும் வாசிப்பதில்லை. கணக்குக் கொப்பியைச் சொப்பிங் பேக்கில் சுற்றி மேல்மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

ஆகவே, வாங்குகிறவர்கள் கைப்பிடியை நன்றாக இழுத்துப் பாருங்கள். ஒரே ஓட்டத்தில் மாடிப்படி ஏற அது தாங்க வேண்டும்.