சி-க்கும் டி-க்கும் நடுவே ஒரு புறம்போக்கு

சித்தூர்க்காரன் கையில் எதையாவது முழுசாகக் கொடுத்துப் பாருங்கள். எங்கே கோடு போடலாம் என்றுதான் முதலில் பார்ப்பான். ஊர் ராசி அப்படி. 1911 ஏப்ரல் 1-ம் தேதி வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ஒட்டித்தான் எங்கள் மாவட்டமே உண்டானது. 1953-ல் ஆந்திரத்தோடு போனோம். வேங்கடத்தை விடமாட்டேன் என்று ம.பொ.சி. கிளம்பியதில், 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அதுவும் ஏப்ரல் 1. 2022-ல் திருப்பதி தனிக்குடித்தனம் போனது, ஏப்ரல் 4. மூன்று நாள் தள்ளிப் போட்ட புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

காளஹஸ்தியில் இருக்கும் என் அக்கா வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே திருப்பதி மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாள். ஆதாரில் மட்டும் இன்னும் சித்தூர்தான்.

இப்படிப்பட்டவனிடம் கம்ப்யூட்டர் கடைப் பையன், "ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் சார். எத்தனை பாகம் போடட்டும்?" என்று கேட்டால் சும்மா இருப்பேனா? துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் தகராறு அளவிலேயே வந்தது. ஒரு டிபி என்று பணம் வாங்கினார்கள். திரையில் 931 ஜிபிதான் தெரிந்தது. டிஸ்க் செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறானாம், விண்டோஸ் 1024 கணக்கில் அளக்கிறதாம். கடைப்படி வேறு, வீட்டுப்படி வேறு. சந்தையில் பார்க்காததா?

சி-க்கு 100, டி-க்கு 400, மிச்சம் ஈ-க்கு. ஏ, பி என்னவாயிற்று என்று கேட்டேன். அவை ஃப்ளாப்பிக்கு ஒதுக்கின எழுத்துகளாம். குடியிருந்தவர்கள் காலமாகியும் கதவு எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. சி-யில் விண்டோஸ் இருக்கும், வைரஸ் வந்து அதைத் துடைத்துப் போட்டாலும் டி-யில் உள்ளது பத்திரம் என்றான். நியாயமான பேச்சு.

ஆனால் என் வீட்டில் யாரும் எதையும் டி-யில் வைக்கவில்லை. எது வந்தாலும் டெஸ்க்டாப்பில் போடுவோம், இல்லாவிட்டால் அது தானாக டவுன்லோட்ஸில் போய் விழும். இரண்டுமே சி-யைச் சேர்ந்தவை என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டே வருஷத்தில் சி-யின் பட்டை சிவப்பானது. டி-யில் அக்கா மகள் கல்யாண வீடியோ மட்டும் நானூறு ஜிபி மாளிகையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது.

கல்யாணத்தை ஈ-க்கு அனுப்பிவிட்டு டி-யை அழித்தேன். அந்த இடத்தைச் சி-யோடு சேர்க்கலாம் என்று மவுஸின் வலது பக்கத்தை அமுக்கினால், 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற எழுத்து சாம்பல் பூத்துக் கிடந்தது. பத்து தடவை அமுக்கினேன். பையனுக்குப் போன் போட்டேன்.

"சேர்க்கிற நிலம் சி-க்கு வலது பக்கத்தில் ஒட்டினாப்பல இருக்கணும் சார். நடுவுல ஏதாவது இருக்கா பாருங்க."

பார்த்தேன். சி-க்கும் காலி மனைக்கும் நடுவே அரை ஜிபிகூட இல்லாத ஒரு துண்டு. ரெகவரி பார்ட்டிஷனாம், விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது. யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு! அதற்கு அந்தப் பக்கம் என் நானூறு ஜிபி நஞ்சை தரிசாகக் கிடக்கிறது, போக வழியில்லை. திருத்தணி எல்லை விவகாரத்தில் மத்தியஸ்தம் செய்த படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, எல்லையோடு நிலம் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தாரே, அதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவருக்காவது மனு கொடுக்க முடிந்தது. விண்டோஸிடம் யார் கொடுப்பது?

அந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்குள் டிஸ்க்கே 'டிக் டிக்' என்றது. மறுநாள் சி, ஈ, தரிசு, புறம்போக்கு எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. உள்ளே எத்தனை சுவர் எழுப்பினாலும் மேலே கூரை ஒன்றுதானே. நல்ல வேளை, கல்யாணம் அக்கா வீட்டில் ஒரு டிவிடியில் பிழைத்திருந்தது. சிவாஜி நடித்த 'பாகப்பிரிவினை' 1959-ல் வந்தது, திருத்தணிக்கான எல்லைச் சட்டமும் அதே வருஷம்தான். இரண்டையும் வைத்துப் பேச நிறைய இருக்கிறது, ஆனால் அன்று என்னிடம் யாரும் பேசுகிற நிலையில் இல்லை.

புது எஸ்எஸ்டி 500 ஜிபி. பழைய டிஸ்க் சுழலுகிற தட்டு. அதன் வெளி ஓரத்தில் இருப்பது வேகமாகப் படிக்கும். முதலில் பாகம் வாங்கிய சி-க்கு நீவா ஆற்றோர வயல் கிடைத்த மாதிரி. இதில் சுழலுகிற தட்டே இல்லை, எல்லா மனையும் ஒரே விலை. வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி வைத்துக்கொண்டால் போதும் என்றான் பையன்.

"எத்தனை பாகம் சார்?"

"ஒண்ணே ஒண்ணு. கோடே வேண்டாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சி-க்குள் ஒரு ஃபோல்டர் திறந்தேன். அதற்கு 'டி' என்று பெயர் வைத்தேன்.