ஆயா காலால் அடித்த மணி

எங்கள் புதுச்சேரியில் ட்ராம் ஓடியதில்லை. ஆயாவின் கதைகளில்தான் ஓடியது. பிரெஞ்சுக் காலத்தில், சுங்கச் சோதனையைக் கடந்து, விழுப்புரத்தில் ரயில் மாறிச் சென்னைக்குப் போய், பாரிமுனையில் ட்ராம் ஏறியதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும். "டங், டங்" என்னும்போது குதிகாலால் தரையை இரண்டு மிதி மிதிக்கும்.

"ஏன் ஆயா காலை உதைக்கிற?"

"மணி அடிக்கிறேண்டா!"

எனக்குப் புரிந்ததில்லை. மணியைக் கையால்தானே அடிப்பார்கள்?

சென்னை ட்ராம் 1895 மே 7 அன்று மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. கல்கத்தாவில் அப்போதும் குதிரைகள்தான் இழுத்துக்கொண்டிருந்தன. மின்சார ட்ராம் அங்கே 1902இல்தான் வந்தது. முந்திக்கொண்ட சென்னை 1953 ஏப்ரல் 12 அன்று ட்ராமை நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. சோதனையில்லாமல் ஆயா சென்னைக்குப் போகும் காலம் வந்தபோது, ஏறுவதற்கு ட்ராம் இல்லை.

அன்று எங்கள் ஊர்த் துரைமார் ஏறியது புஷ்-புஷ் வண்டி. உட்கார்ந்தவர் கைப்பிடியைத் திருப்புவார், பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளுவார். அது இன்று புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதனை மனிதன் தள்ளிய வண்டிக்கு அதுவே சரியான இடம்.

ட்ராமையும் அப்படி நிறுத்திவைத்திருப்பதைச் சென்ற ஆண்டு கொல்கத்தா எஸ்பிளனேடில் பார்த்தேன். 'ஸ்மரணிகா', 2014இல் திறந்த ட்ராம் அருங்காட்சியகம். 1938இல் செய்த வண்டி. ஒரு பெட்டியில் தேநீர்க் கடை, மற்றதில் பழைய டிக்கெட்டுகள், நடத்துநரின் தொப்பி, பை. ஒவ்வொன்றையும் அருமையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கூலித் தொழிலாளியும் குமாஸ்தாவும் சில்லறைக் காசில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துபோன வண்டி அது, புகையும் கிடையாது. அதன் இடம் தெருதான். மைதானப் பக்கம் ஒரு சிறு தடத்தைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக 2024இல் மேற்கு வங்க அரசு அறிவித்ததை நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

வெளியே வந்து, ஓடும் ட்ராம் ஒன்றில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் நின்றேன். தண்டவாளத்தின் குறுக்கே ஒரு தள்ளுவண்டி வந்தது. ஓட்டுநரின் இரு கைகளும் பிடிகளில் இருந்தன. குதிகாலைத் தூக்கி, தரையிலிருந்த குமிழை இரண்டு மிதி மிதித்தார்.

டங், டங்.