மைனஸ் அண்ணன்

மார்கழியில் ஊரே சபா கேன்டீனைத் தேடிப் போகும்போது மைனஸ் அண்ணன் உத்தராகண்டுக்குக் கிளம்புவார். டேராடூனிலிருந்து நாள் முழுக்க வண்டியில் குலுங்கினால் சாங்க்ரி கிராமம். அங்கிருந்து நடந்து ஏறினால் கேதார்காந்தா, 12,500 அடி. சிகரமெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். குளிர் எத்தனை டிகிரி என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம். மாற்றுச் சட்டை இருக்கிறதோ இல்லையோ, பையில் தெர்மாமீட்டர் இருக்கும்.

ரயில் சென்ட்ரலைத் தாண்டும் முன்பே பாடம் ஆரம்பித்துவிடும்.

"ஜீன்ஸா போட்டுட்டு வந்திருக்க? பருத்தி நனைஞ்சா லேசுல காயாது தம்பி, உடம்புச் சூட்டை உறிஞ்சிரும். ஸ்லீப்பிங் பேக்கை நம்பாத. அது சூடு தராது. உன் சூட்டை வெளிய விடாம வச்சிருக்கும், அவ்வளவுதான். கீழ நல்ல மேட் இல்லைன்னா தரையே மிச்சத்தையும் தின்னுரும்."

அவரிடம் இருக்கிற கஷ்டம், சொல்வதெல்லாம் உண்மையாக இருப்பது. தப்பாகச் சொன்னால் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடலாம்.

வழியில் ஜூடா கா தாலாப் ஏரி, உறைந்து கிடக்கும். அங்கே டென்ட். காற்றுத் துளையை யாராவது மூடினால் அண்ணன் துடித்துப்போவார்: மூச்சின் ஈரம் துணியில் உறைந்து, காலையில் முகத்தில் சொட்டுமாம். கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தால் அடிக்கவே வருவார். இந்த ஒரு விஷயத்தில் அவர் காலில் விழலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தண்ணீர் பாட்டில் தலைகீழாக நிற்கும், பனிக்கட்டி மூடியை அடைக்காமலிருக்க. சொந்தக் காபிக்காகத் தூக்கி வந்த கேஸ் குப்பி அவரோடுதான் படுக்கும், கடுங்குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது என்பதால். போன், பவர் பேங்க், ஈர சாக்ஸ் எல்லாமே ஸ்லீப்பிங் பேக்குக்குள். அண்ணன் நுழையத்தான் இடம் இருக்காது.

ராத்திரி 2 மணி. குளிரில் தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து உள்ளே திரும்பும், சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்யும். இதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது அந்தப் பாடம் அவருக்கே நடக்கிறது. புரள்கிறார். ஜிப்பில் கை வைக்கிறார், எடுக்கிறார். எழுந்தால் இவ்வளவு நேரம் சேர்த்த சூடு போய்விடுமே! பக்கத்தில் யாராவது அசைந்தால் போதும், இருட்டிலிருந்து குரல் வரும்.

"தம்பி, வெளிய போறியா? அப்படியே தெர்மாமீட்டரைப் பாத்துட்டு வா."

"மைனஸ் 6 அண்ணே."

"வெறும் ஆறா? சரியாப் பாத்தியா? டார்ச் சூடு பட்டிருக்கும்."

டெல்லி வரும்போது அது மைனஸ் 9 ஆகியிருக்கும். சென்ட்ரலில் 12. கேட்டால், காற்றையும் சேர்த்துக் கணக்கு என்பார். பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடம் 15-க்குக் குறைந்து பேச்சே இல்லை. சொல்லும்போது தலையில் மங்கி குல்லா இருக்கும். வெளியே 21 டிகிரி, பனி இறங்குகிறதாம்.

காபி கொண்டுவந்த அண்ணி கேட்பார்: "ஏங்க, அங்க அத்தனை நாளும் குளிச்சீங்களா?"

அண்ணன் உடனே பியூட்டேனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.