மஞ்சளுக்கு வெயில் வைத்தியம்

கேள்வி: வெள்ளையாக இருந்த பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு மஞ்சள் பூத்துவிட்டது. சோப்பு, சமையல் சோடா எதற்கும் மசியவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: போட்டுவிடாதீர்கள்! சோப்புக்கு அழுக்கை விரட்டத்தான் தெரியும். இது அழுக்கே இல்லை. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் உள்ள ரப்பர், வெளிச்சமும் சூடும் பட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்து நிறம் மாறியிருக்கிறது. 2008இல் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் இதற்கு மருந்து கண்டார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் விற்கும் 6 சதவீதக் கரைசலே போதும்.

எழுத்துக் கட்டைகளை மட்டும் கழற்றிக் கழுவுங்கள். சர்க்யூட் பக்கம் ஈரம் ஆகாது. கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் கட்டைகள் மூழ்கக் கரைசல் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். இறுக்கி மூடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். கட்டைகள்மேல் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டும். அவ்வப்போது கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஓரிரு நாள் வெயிலில் பழைய வெள்ளை எட்டிப்பார்க்கும்.

அதன்பின் கீபோர்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். பெராக்சைடு துணையிருந்தால் வெளுக்கிற வெயில், தனியாக வந்தால் மஞ்சளாக்கிவிடும். சாயம்போன பிளாஸ்டிக் நாற்காலிக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். வெளுத்ததை இது இன்னும் வெளுக்கும்!