மூச்சுதான் ஆயுதம்

கேள்வி: ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ விளையாட்டில் பாத்திரத்தை எப்படி உருவாக்கலாம், சண்டை எப்படி இருக்கும் என்று நண்பர்களோடு தினமும் மண்டையை உடைத்துக்கொள்கிறேன். உங்கள் கணிப்பு?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: 2018 ஜூனில் காட்டப்பட்ட முன்னோட்டத்தில் மலைகளும் தலைப்பும் மட்டுமே இருந்தன. ஆகவே பழைய ஆட்டத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். இதே வரிசையில் 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’, பாத்திரத்துக்குப் பத்து இனங்களைத் தந்தது. வீரன், மந்திரவாதி என்று முன்கூட்டியே பிரிப்பதை விட்டுவிட்டது. வாள் வீச வீச வாள்திறன் வளரும். இந்த வழியைக் கைவிட மாட்டார்கள் என்பதே என் கணிப்பு.

உங்கள் ஊர்க் கடலின் விதியும் அதுதானே! மூழ்க மூழ்கத்தான் மூச்சு நீளும். முத்துக்குளிப்பில் முழுக் குழுவே இருந்தது: கல்லின் கனத்தோடு இறங்கும் குளியாள், தோணியில் கயிறு பிடிப்பவர், சுறாவை மந்திரத்தால் கட்டும் ‘கடல்கட்டி’. இந்த மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது என்று 13-ஆம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ சொல்கிறார். குளியாளுக்கோ பெரிய சண்டை சுறாவோடு அல்ல, சொந்த மூச்சோடு. கயிறு அசைந்ததும் இழுப்பவர் கையில்தான் உயிர்.

தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. சங்குகுளிப்பு இன்னும் உண்டு. சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கதை கேளுங்கள். அந்தக் கதையை வைத்து அடுத்த ஆட்டத்தை உருவாக்கப் போகிறவர் நீங்களாகவே இருக்கலாம்!