அடியைப் பார்த்த படலம்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பித்தளை அண்டாவுக்குள் பழைய பேப்பரில் சுற்றிய கண்ணாடி டம்ளர் ஒன்று கிடைத்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஏதோ தேய்ந்துபோன எழுத்து, கூடவே 27 என்ற எண். அந்த 27 என் மூன்று மாத நிம்மதியைத் தின்றது. வீட்டம்மாவின் நிம்மதி போய் 22 வருடம் ஆகிறது. அதற்கு டம்ளர் பொறுப்பில்லை.

அரைகுறைப் படிப்புதான் என்னைக் கெடுத்தது. இங்கிலாந்துக் கண்ணாடிச் சாமான்களில் 1842 முதல் 1883 வரை சாய்சதுர முத்திரை குத்துவார்கள், 1884-லிருந்து 'ஆர்.டி.' என்று போட்டுப் பதிவு எண் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். என் டம்ளரில் சாய்சதுரமும் இல்லை, ஆர்.டி.யும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? 27 என்றால் 1927. துரைமார் காலத்துச் சொத்து! "விலை போகுமா?" என்றாள். "இதையெல்லாம் விற்கக் கூடாது" என்றேன், வாங்க ஆளில்லாத பொருளுக்கு எல்லாரும் சொல்வது போல.

இது ஊதிச் செய்ததல்ல, அச்சில் அழுத்தியது என்பதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்தேன். உருகிய கண்ணாடியில் ஓர் உருண்டையை இரும்பு அச்சில் விட்டு, மேலிருந்து உலக்கை மாதிரி ஒன்று இறங்கி அழுத்தும். முறுக்கு அச்சில் மாவை அழுத்துகிற கதைதான், ஓட்டை மட்டும் கிடையாது. அதனால் பட்டையெல்லாம் வெளியே, உள்ளே வழுவழுப்பு. எழுத்தையும் எண்ணையும் அச்சிலேயே வெட்டிவிடுவார்கள்.

அப்புறம் எந்த டம்ளரைக் கண்டாலும் அடியைப் பார்க்கும் வியாதி வந்தது. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையேறி, கடுக்காய் வாங்க வெள்ளிமலைக்குப் போனோம். டீக்கடையில் பட்டை கிளாஸ். கவிழ்த்தால் டீ வீணாகுமே என்று புத்திசாலித்தனமாகத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன். எழுத்து தெரிந்த அதே நொடியில் டீ நெற்றியில் இறங்கியது. "சார், ஈ கீ கிடக்குதா?" என்றார் கடைக்காரர்.

புதுச்சேரியிலிருந்து பெரியப்பா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அவர் ஊரில் 'சொல்தா' என்பார்கள். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

"துராலெக்ஸ்டா இது. உங்கப்பனுக்கு நான்தான் பிரான்சுல இருந்து கொண்டாந்தேன். அந்தப் பேரே 1945-லதான் வந்துச்சு. இந்தப் பட்டை மாடல், பிக்கார்தி, 1954."

"அப்போ 27?"

"அச்சு நம்பர். ஒரே நேரத்துல பல அச்சு ஓடும். கிளாஸ்ல குறை வந்தா எந்த அச்சுன்னு புடிக்கணும்ல? அங்க பள்ளிக்கூடப் பசங்க சாப்பிடறப்போ கிளாஸைக் கவுத்து, 'இதான் உன் வயசு'ன்னு விளையாடுவாங்க."

"அப்போ இவருக்கு 27 ஆயிடுச்சா மாமா? நான் இன்னும் கம்மின்னு நினைச்சேன்" என்றாள் வீட்டம்மா.

சூட்டோடு குளிர்காற்றை அடித்து இறுக்கிய கண்ணாடி, லேசில் உடையாது, உடைந்தால் கல்கண்டுப் பொடி மாதிரி உதிரும் என்றெல்லாம் பெரியப்பா சொல்லிக்கொண்டே போனார். என் காதில் ஏறவில்லை.

"முத்திரைன்னா இது. பேர், தேதி எல்லாம் வெட்டியிருக்கும், பூதக்கண்ணாடி வேணாம்" என்று எவர்சில்வர் டம்ளரில் காபியை நீட்டினாள். இந்த முறை குடித்து முடித்த பிறகே கவிழ்த்தேன். பேர், தேதி எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. பேர் எதிர்வீட்டுக்காரருடையது.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைப் போடுவதற்குள் டம்ளர் சமையலறைக்குப் போய்விட்டது.